நாற்பத்திரண்டாவது குடம்

என் பெயர் லூர்து மேரி. எங்கள் தாராவி சந்தில் வருஷா வருஷம் பிப்ரவரி மாதம் லூர்து மாதா திருவிழா நடக்கும். கொடியேற்றம், கொட்டு, சப்பரம் எல்லாம் உண்டு. ஐந்து வயது வரைக்கும் அது எனக்காகத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் தனசீலன்தான் ஒருநாள் உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிட்டான்.

இப்போது 1961. எனக்குப் பத்து வயது. இந்த வருஷத் திருவிழாவில் மட்டும் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் சேசக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் சேசம்மாள். எங்கள் எதிர் அறையில் தனியாக இருக்கிறாள். தாதர் டிராம் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே எப்போது பார்த்தாலும் காஜா எடுக்கத்தான் சொல்வார்களாம்.

"பட்டனுக்கு ஓட்டை போட்டுப் போட்டே என் கை தேஞ்சிரும்போல இருந்துச்சு. படம் வரையிற கைய எதுக்கு அப்படித் தேய விடணும்? வந்துட்டேன்" என்பாள்.

வரும்போது அவள் கொண்டுவந்தது தன்னுடைய விரிப்பு ஒன்றைத்தான். பழுப்பு வெள்ளைக் காடாத் துணி. அதைத் தரையில் விரித்து, அதன் மேல் முட்டி போட்டுத்தான் எல்லாத் துணியையும் வெட்டுவாள். எங்கள் சந்தில் எந்தப் பெண் போட்டிருக்கும் ஜாக்கெட்டும் அந்த விரிப்பின் மேல் வெட்டியதுதான். அதில் குறுக்கும் நெடுக்குமாக நீலப் பென்சில் கோடுகள் கிடக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

ஜாக்கெட் வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை அவள் எறிய மாட்டாள். ஒருநாள் கறுப்புத் துணி ஒன்றை என் முன்னால் நீட்டினாள்.

"ஏட்டி லூர்து, இது என்னன்னு சொல்லு."

"கிழிஞ்ச குடை."

நறுக், நறுக், நறுக், நறுக். நாலே வெட்டு.

"இப்ப?"

தலையைச் சாய்த்து என்னையே முறைத்துப் பார்த்தது ஒரு காகம். நான் ஒரு அடி பின்னால் தள்ளிப் போய்விட்டேன். துணிதான் என்று தெரியும். ஆனாலும் கொத்திவிட்டால் என்ன செய்வது?

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே போவது எதிர் அறைக்குத்தான். அங்கே நான் எதுவும் செய்ய மாட்டேன். வாயைத் திறந்துகொண்டு பார்ப்பேன், அவ்வளவுதான்.

சேசக்காவுக்கு ஒரே ஒரு கஷ்டம், தண்ணீர். எங்கள் சந்துக்கு இருப்பது ஒரே குழாய். விடிவதற்குள்ளேயே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். அவளுக்காகக் குடம் வைக்க வீட்டில் வேறு யாரும் இல்லை. தையல் மிஷினை விட்டு எழுந்து வரும்போது அவள் குடம்தான் கடைசி. நூல் போலத் தண்ணீர் விழும். அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போய்விடுவாள்.

போன வருஷத்துக் கொடி வெளுத்துப் போயிருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் சந்தியாகு மாமா பெயிண்டரிடம் சொல்லிப் புதுக் கொடி எழுதலாம் என்றார். அவர் தோல் கிடங்கில் மேஸ்திரி. அவர் சத்தமாகச் சொன்னால் அது முடிவு என்று அர்த்தம்.

"நான் செய்யுதேன் மாமா" என்றாள் சேசக்கா.

"ஜாக்கெட் தைக்கிற மாதிரி இல்லம்மா இது. மாதா படம்!"

"தெரியும் மாமா. வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி மட்டும் குடுக்கச் சொல்லுங்க. பழசா இருந்தாலும் சரி. அவங்களுக்குப் பிடிச்ச துணியா இருக்கணும்."

நாற்பத்தோரு வீட்டிலிருந்தும் துணி வந்தது. அம்மா என் ஞானஸ்நானச் சட்டையின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். ரோஸ் நிற சாட்டின். மளிகைக்கடை நெல்லையப்பன் அண்ணாச்சி, தான் இடுப்பில் கட்டுகிற பச்சைக் கட்டம் போட்ட சாரம் ஒன்றையே கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு நஸீராக்கா, கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிச் சரிகைத் துப்பட்டாவை மடித்து எடுத்து வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மாதா கொடிக்கு நாங்களும் குடுக்கலாமா சேசம்மா?"

"நீங்க எந்தக் குழாய்ல தண்ணி பிடிக்கீங்க?"

"இதே குழாய்தான்."

"அப்ப குடுங்க" என்று சேசக்கா கையை நீட்டினாள்.

ஜனவரி மாதம் முழுக்க அவள் அறையில் தரை முழுவதும் கொடிதான் பரந்து கிடந்தது. நான்கூட ஓரமாகத்தான் நடக்க வேண்டும். முடிகிற வரைக்கும் பார்க்கக்கூடாது என்று, நான் போனதும் மேலே ஒரு சேலையைப் போட்டு மூடிவிடுவாள்.

அதே மாதத்தில் நானும் ஒரு வேலை செய்தேன். பம்பாயில் ஜனவரி என்றால் வானம் முழுக்கப் பட்டம். எனக்கும் ஆசை வந்தது. ஒரு பட்டம் செய்து அதன் மேல் கலர் காகிதத்தில் மீன், பூ, நிலா, டிராம் எல்லாம் வெட்டி ஒட்டினேன். பார்க்க ரொம்ப அழகு! ஆனால் பறக்கத்தான் இல்லை. நான் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். அது தரையில் தடதடவென்று என் பின்னால் வந்தது.

"பட்டம் விடுதியா, நாய்க்குட்டி மேய்க்கியா?" என்று கேட்டான் தனசீலன். ஒரு வாரம் நான் அவனோடு பேசவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்திய நாள் சேசக்கா என்னை மட்டும் கூப்பிட்டுக் கொடியைக் காட்டினாள்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஆறடி நீளம், நாலடி உயரம். நடுவில் மாதா. மாதாவின் வெள்ளை அங்கி, கோயிலின் பழைய திரை. அவள் நிற்பது கோயில் படத்தில் இருப்பதுபோல எங்கோ தூர தேசத்துப் பாறைக்குகையில் அல்ல. எங்கள் சந்துக் குழாயடியில்! அதே கோணல் குழாய். அதே தகரக் கூரைகள். ஒரு கூரை மேல் என் குடைக் காகம். குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர் நஸீராக்காவின் வெள்ளிச் சரிகை. குழாயடியிலிருந்து வளைந்து வளைந்து போகிறது குடங்களின் வரிசை. நாற்பத்தோரு குடம். வீட்டுக்கு ஒன்று. எங்கள் ரோஸ் குடம் பதினேழாவது. அண்ணாச்சியின் குடம் சாரம் கட்டிக்கொண்டு நின்றது. எல்லாத் துண்டும் ஒன்றோடு ஒன்று விளிம்பு சேர்த்துத் தைத்திருந்ததில், அடியில் இருக்கிற துணி எங்குமே தெரியவில்லை.

"இதெல்லாம் நீங்களா அக்கா செஞ்சீங்க?" என்று மடத்தனமாகக் கேட்டேன். வேறு யார் செய்வார்கள்?

பிறகு ஒன்றைக் கவனித்தேன். "அக்கா, குழாய்க்கு அடியில குடமே இல்லையே. தண்ணி தரையில போகுதே."

"அங்கன யாரு குடத்த வைக்க? ஒரு வீட்டுக் குடத்த வச்சா மத்த நாப்பது வீடும் என் வாசல்ல வந்து சண்டைக்கு நிக்கும்லா?"

அது நியாயம்தான். போன வாரம்கூடக் குழாயடியில் ஒரு தகர வாளி பறந்தது.

சாயங்காலம் சந்தியாகு மாமா கொடியைக் கம்பத்தில் கட்டிப் பார்க்கச் சொன்னார். "கொடி விரிஞ்சு பறந்தாத்தான் திருவிழா நல்லா நடக்கும்னு சனங்க நம்புதாங்க. நாளைக்குத் தகராறு வரக்கூடாது" என்றார்.

மாகிம் கடல் பக்கமிருந்து காற்று நன்றாகத்தான் அடித்தது. மேலே பத்துப் பட்டங்கள் கூத்தாடிக்கொண்டிருந்தன. கொடி மட்டும் அசையவில்லை. கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"ஏயப்பா! கொடியா இது, கோணிச்சாக்கா?" என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். சேசக்கா சிரிக்கவில்லை.

சந்தியாகு மாமா சிரிப்பை அடக்கினார். "சேசம்மா, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கனம்! நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொடியேற்றம். அதுக்குள்ள பதினஞ்சு குடத்தையாவது எடுத்துரு. இல்லன்னா பழைய கொடியத்தான் ஏத்தணும்."

"யாரு வீட்டுக் குடத்த மாமா எடுக்க?"

மாமா வாயைத் திறந்தார். தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அத்தையைப் பார்த்தார். "எங்க வீட்டுக் குடத்த மட்டும் எடுத்துராத" என்று முணுமுணுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

நான் சேசக்காவின் அறைக்கு ஓடினேன். கொடி தரையில் கிடந்தது. அவள் கையில் கத்தரி. ஒரு குடத்தின் மேல் வைப்பாள், எடுப்பாள். இன்னொரு குடத்தின் மேல் வைப்பாள், எடுப்பாள்.

"எங்க வீட்டுக் குடத்த எடுத்துக்கங்க அக்கா" என்றேன்.

"ஒண்ண எடுத்தாப் போதாதுட்டி. ஒரு வீட்டுக் குடத்த வரிசையில இருந்து தூக்கி எறிஞ்சா அந்த வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருக்கும்? நீயே சொல்லு." கத்தரியைக் கீழே வைத்தாள். "பழைய கொடியே ஏறட்டும்."

அவள் கண் கலங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தோடு நின்றேன். கரண்ட் கம்பியில் யாருடைய பட்டமோ மாட்டிக்கொண்டிருந்தது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள். அதற்குப் பின்னால் சூரியன் ஏறியது. அவ்வளவுதான், பட்டம் ஜொலித்தது! சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் ஏற்றி வைத்ததுபோல இருந்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

இது எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது? இதிலும் இரண்டு காகிதம் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தன. அடியில் வேறு காகிதமே இல்லை. என் பட்டத்தில் அடியிலும் காகிதம், மேலேயும் காகிதம். கொடியிலும் அப்படித்தானே!

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "ஏ லூர்து! உன் வரிசை போயிரும்!" என்று யாரோ கத்தினார்கள். போகட்டும்.

"அக்கா! அக்கா! யாரு வீட்டுக் குடத்தையும் எடுக்க வேண்டாம். அடியில இருக்குல்லா ஒரு துணி, யாரும் குடுக்காத துணி, அத எடுத்துருங்க!"

மூச்சு வாங்கப் பட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சேசக்கா கொடியைப் புரட்டிப் போட்டாள். அடித்துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இதுதான்ட்டி எல்லாத்தையும் பிடிச்சிட்டு இருக்கு. இத எடுத்துட்டா மத்ததெல்லாம் நிக்குமா?"

"உங்க தையல்தான அக்கா பிடிச்சிட்டு இருக்கு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள்.

அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். மாதா வேலைக்காகச் சொன்ன பொய்யை மாதா மன்னித்துவிடுவாள் என்று நம்பினேன்.

வேலை பயங்கரமானது. அடித்துணியை வெட்டும்போது கத்தரி நுனி கொஞ்சம் இறங்கினாலும் மேலே இருக்கிற குடம் கிழிந்துவிடும். என் விரல் சின்ன விரல். நான் அடித்துணியை மட்டும் கிள்ளித் தூக்கிப் பிடிப்பேன். சேசக்கா தையலை ஒட்டி ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் வெட்டி எடுப்பாள். முதல் குடம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. ஐந்தாவது குடத்துக்குப் பிறகு கொஞ்சம் பேசினோம். இருபதாவது குடத்துக்குப் பிறகு அவள் பாடவே தொடங்கிவிட்டாள். மாதாவின் அங்கி, தகரக் கூரை, காகம் எல்லாவற்றுக்கும் அடியில் வெட்டினோம். வெட்டிய துண்டுகள் பக்கத்தில் மலையாகக் குவிந்தன.

மணி நாலு. சேசக்கா கொடியின் இரண்டு மூலையையும் பிடித்து வாசல் வெளிச்சத்தில் தூக்கினாள்.

நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். ஒவ்வொரு குடமும் உள்ளே விளக்கு வைத்ததுபோல எரிந்தது. எங்கள் ரோஸ் குடம் அப்படிச் சிவந்தது. மாதாவின் முகத்தில் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கேயும் அதே படம்!

"நான் நெனச்சது இதுதான்ட்டி. இத்தனை நாளா இதத்தான் நெனச்சிருக்கேன், எனக்கே தெரியாம" என்றாள் சேசக்கா.

கொடியை மடித்துக் கட்டிலில் வைத்தோம். அப்போதுதான் ஒரு மாதத்துக்குப் பிறகு வெறுந்தரையைப் பார்த்தேன். ஏதோ குறைந்தது.

"விரிப்பு எங்கக்கா?"

அவள் குனிந்து, வெட்டிப் போட்ட துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். பழுப்பு வெள்ளைக் காடா. அதில் ஒரு நீலப் பென்சில் கோடு.

எனக்குத் திக்கென்றது. யாரும் குடுக்காத துணி என்று சொன்னேனே! அது அவளுடைய துணி அல்லவா! கொடியில் எல்லாருடைய துணியும் இருக்கிறது, சேசக்காவின் துணியைத்தான் நாள் முழுக்க உட்கார்ந்து நான் கிள்ளி எடுத்திருக்கிறேன்.

"ஏன்க்கா சொல்லல?" அழுகை வந்துவிட்டது.

"சொன்னா நீ கிள்ளியிருப்பியா? விடுட்டி. வேற விரிப்பு வாங்கிக்கிடலாம்."

நான் விடவில்லை. குவியலைக் கிளறினேன். குடத்துக்கு அடியிலிருந்து வெட்டியது எல்லாம் குட்டிக் குடமாகத்தானே இருக்கும்? நல்ல குடமாக ஒன்றைத் தேடி எடுத்தேன். கழுத்துக்குக் குறுக்கே நீலக் கோடு ஓடியது.

"இத வைங்கக்கா. குழாய்க்கு அடியில."

"அய்யோ! அங்கன என் குடமா? ஊரு என்ன சொல்லும்?"

"குடம் நிறைஞ்சதும் எடுத்துருவீங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

சேசக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெளியே கொட்டுச் சத்தம் கேட்டது. "சேசம்மா! கனம் குறைஞ்சிச்சா இல்லையா? ஜல்தி!" என்று சந்தியாகு மாமா கூப்பிட்டார். நான் ஊசியில் நூலைக் கோத்து அவள் கையில் கொடுத்தேன்.

கொடியை மடித்தபடியே ஊர்வலமாகச் சந்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வாசலிலும் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு கம்பத்தில் கட்டினார்கள். சந்தியாகு மாமா ஒரு கையில் கயிற்றை இழுத்தார். மற்றக் கையின் அக்குளில் பழைய கொடியைத் தயாராக இடுக்கியிருந்தார்.

கொடி ஏறியது. பாதிக் கம்பம். முக்கால் கம்பம். உச்சி. அங்கே போய்த் தொங்கியது.

சேசக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

காற்று வந்தது. ஒரு மூலை அசைந்தது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். ஆறடிக் கொடியும் விரிந்து படபடத்தது! மாகிம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் நேரே அதன் பின்னால் நின்றது. மாதாவும் குழாயும் கூரைகளும் நாற்பத்தோரு குடங்களும் வானத்தில் எரிந்தன. வெள்ளிச் சரிகைத் தண்ணீர் நிஜமாகவே கொட்டியது.

கொட்டு அடிக்கிறவர் அடிக்க மறந்துவிட்டார். நான் பிறந்ததிலிருந்து எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

"எங்க குடம்!" என்று முதலில் கத்தியது என் அம்மாதான். உடனே எல்லாரும் கத்தினார்கள். அண்ணாச்சி தன் சாரத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் குதித்தார். நஸீராக்கா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தியாகு மாமா பின்பக்கம் ஓடிப்போய், "ஏய்! இங்கனயும் படம் தெரியுது வே!" என்று கூவினார். பழைய கொடி அக்குளிலிருந்து விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

பிறகு அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "குழாய்க்கு அடியில ஒரு வெள்ளக் குடம் நிக்கே, அது யாரு வீட்டுக் குடம்?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேசக்கா தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் நான் சொன்ன பொய் பலித்துவிட்டது. இந்த முறை நிஜ வயிற்றுவலி.

"சேசக்கா வீட்டுக் குடம்!" என்று கத்தினேன். "நிறைஞ்சதும் எடுத்துருவாங்க!"

எல்லாரும் மறுபடி கொடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நல்லா நிறையட்டும்" என்றாள் நஸீராக்கா. "நிறையட்டும், நிறையட்டும்" என்று எல்லாப் பெண்களும் சொன்னார்கள். கொட்டு மறுபடி முழங்கத் தொடங்கியது.

மறுநாள் காலையில் வழக்கம்போல சேசக்கா கடைசியாகத்தான் குடத்தோடு வந்தாள். வரிசையின் வாலில் வைக்கக் குனிந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற அண்ணாச்சி வீட்டு அக்கா தன் குடத்தைக் காலால் பின்னால் தள்ளினாள். "முன்னால போ சேசம்மா" என்றாள். அதற்கு முன்னால் இருந்தவளும் தள்ளினாள். அதற்கு முன்னால் இருந்தவளும். டங், டங், டங் என்று குடங்கள் ஒவ்வொன்றாக நகர, சேசக்கா நடந்து நடந்து குழாயடிக்கே வந்துவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

தண்ணீர் முழு வேகத்தில் விழுந்தது.

நான் வரிசையில் எனக்கு முன்னால் இருந்த குடங்களை எண்ணிப் பார்த்தேன். என் குடம் பதினேழாவது. கொடியை அண்ணாந்து பார்த்தேன். அங்கேயும் எங்கள் ரோஸ் குடத்துக்கு அதே இடம்தான்.